முந்நூற்று எண்பத்தாறு புள்ளி நாலு

மார்ச் 3, செவ்வாய்

அம்மா,

உயிரோடு இருக்கிறேன். நீ முதலில் தேடுவது அதைத்தான் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். இனி நிதானமாகப் படி, இல்லை கிழித்துப் போடு, உன் இஷ்டம்.

போனைச் சாப்பாட்டு மேசைமேல் விட்டுவிட்டு வந்தது மறதியால் இல்லை. அது கையில் இருந்தால் நீ கூப்பிடுவாய், நான் எடுப்பேன், நீ அழுவாய், நான் வண்டியைத் திருப்பிவிடுவேன். தவிர, அந்தப் போனைத் தொடவே எனக்குக் கூசுகிறது. ஜனவரியில், அவனுடைய கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டபோது நான் ஹாஸ்டலில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழைப்பைத் துண்டித்துவிட்டு, "அப்புறம் பேசறேன்" என்று ஒரு செய்தி அனுப்பினேன். மறுநாள் காலை பத்தரை மணிக்கு அவன் லிஃப்ட் குழியில் விழுந்து இறந்துபோனான். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

கம்பெனிக்காரர்கள் கொடுத்த அறிக்கை எனக்கு மனப்பாடம். சேஃப்டி பெல்ட் இடுப்பில் இருந்தது, கொக்கி மாட்டப்படவில்லை. ஏழு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினால்கூட "வாலு, ஸ்டூலைப் பிடி" என்று என்னைக் கூப்பிடுகிறவன். அவனா கொக்கி மாட்ட மறந்தான்? பெரியப்பா நம் இரண்டு பேர் எதிரிலும் கேட்டார், "பையனுக்கு மனசுல ஏதாவது இருந்துச்சா?" என்று. நீ "இல்லை" என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

தவறி விழுந்தானா, அவனாகவே விழுந்தானா? எனக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான்.

முந்தின நாள் ஞாயிறு மத்தியானம் நான் உன்னைக் கூப்பிட்டபோது நீதான் சொன்னாய், "காரை எடுத்துட்டுப் போயிருக்கான்டி, எங்கன்னு தெரியலை, சும்மா ஒரு சுத்துன்னான்" என்று. அதற்கப்புறம் அந்தக் காரை யாரும் தொடவில்லை. ஓடிய தூரம் காட்டும் ட்ரிப் மீட்டரில் 386.4 கிலோமீட்டர் என்று நின்றிருந்தது. அதன் சின்னப் பட்டனை அமுக்கி ஜீரோ ஆக்காமல் அண்ணன் எந்தப் பயணமும் கிளம்ப மாட்டான். ஆக, போக 193.2, வர 193.2. நம் ஊரிலிருந்து வெளியே போகும் பெரிய சாலைகள் மூன்றுதான். மூன்றிலும் 193.2-இல் போய் நிற்பேன். அங்கே ஒரு பெண் இருந்தாலும் சரி, புது வேலை இருந்தாலும் சரி, எனக்கு நிம்மதிதான். எதையோ ஆசைப்பட்டுத் தேடிப் போனவன் மறுநாளே சாக நினைக்க மாட்டான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு நான் பட்டனை அமுக்கியபோது வாசலிலிருந்து ஓடிவந்து அறைந்தாயே, இருபது வருஷத்தில் அதுதான் முதல் அறை. "போகாதே" என்று சொல்லி அடித்திருந்தால் புரிந்திருக்கும். "அதைத் தொடாதேடி" என்றாய். உனக்கு ஏதோ தெரியும். "இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று நான் சொன்னது அதிகப்படிதான். இப்போதைக்கு அதை வாபஸ் வாங்குவதாக இல்லை.

கிழக்குச் சாலை முடிந்தது. 193.2-இல் ஒரு மணல் குவியலும் டயர் கடையும் இருக்கின்றன. கடைக்காரர், "யாரைத் தேடுறீங்க?" என்றார். "எங்க அண்ணனை" என்றேன். "எப்படி இருப்பார்?" என்றார். நான் கார்க் கதவில் சாய்ந்துகொண்டேன். அவர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு, எதுவும் கேட்காமல் நான்கு டயருக்கும் காற்று பார்த்துக் கொடுத்தார்.

அடுத்தது மலைச்சாலை. பதில் எழுதுவதானால் அடிவாரத்து ஊர்த் தபால் நிலையத்துக்கு எழுது, நேரில் போய் வாங்கிக்கொள்கிறேன். தபால் பிரிக்கிறவளுக்கு வழி சொல்லித்தர வேண்டியதில்லை.

வாலு


மார்ச் 5, வியாழன்

சின்னவளுக்கு,

உன் கடிதம் காலைப் பையில் வந்தது. நம் தெருத் தபால் கட்டை நான்தான் பிரிக்கிறேன் என்று தெரிந்தும் பின்கோடு எண் போடாமல் எழுதியிருக்கிறாய். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் செய்யும் இந்தத் தப்பைத் திட்டிக்கொண்டிருக்கிறேன், என் பெண்ணும் அதையே செய்கிறாள். உறையைப் பார்த்து மேற்பார்வையாளர் சிரித்தார். நான் கழிப்பறைக்குள் போய்ப் படித்தேன்.

அறைந்தது தப்பு. அதற்குக் காரணம் கேட்காதே.

போன் அடித்தால் எடுக்காதது ஒரு குற்றம் இல்லை. உலகத்தில் பாதிப் பேர் எடுப்பதில்லை. அதைப் போட்டு மனதைக் குழப்பிக்கொள்ளாதே.

நீ தேடுவது எதுவும் அந்தச் சாலைகளில் இல்லை. தேர்வு எழுதாமல் விட்டுவிட்டாயே, கல்லூரியிலிருந்து இரண்டு கடிதம் வந்துவிட்டது. மலைச்சாலையில் மேடு ஏறும்போது கிளட்ச் மேல் காலை வைத்தபடியே ஓட்டாதே, பிளேட் தேய்ந்துபோகும். இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே விடு, பிரேக்கை நம்பாதே. ராத்திரியில் ஓட்டவே கூடாது.

சாப்பிடு.

அம்மா


மார்ச் 8, ஞாயிறு

அம்மா,

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள் கிளட்ச் பிளேட்டைப் பற்றிப் பேசுகிறாய். "நீ வண்டி எடுத்தா ரோட்டுல போறவன் எல்லாம் மரத்துல ஏறணும்" என்று அப்பா உயிரோடு இருந்தவரைக்கும் உன்னைக் கேலி செய்வார். இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது? தபால் வேன் டிரைவரா?

மலைச்சாலைக்குப் போக மறுபடி நம் தெருமுனைக்கு வர வேண்டியிருந்தது. அங்கிருந்துதானே கணக்கு ஆரம்பம். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. மாடியில் அண்ணனுடைய நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. யாரும் போடாத சட்டையை எதற்குத் துவைக்கிறாய்? இறங்கி வந்து கேட்கலாம் என்று தோன்றியது. பட்டனை அமுக்கிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

இந்தச் சாலையில் 193.2-ஐத் தாண்டி நூறு அடியில் ஒரு லாட்ஜ். நான்கு மாடி, லிஃப்ட் உண்டு. மேனேஜரிடம் அண்ணன் படத்தைக் காட்டினேன். "தெரியுமே, லிஃப்ட் தம்பி. எப்பவும் ஏதாவது பாடிக்கிட்டே வேலை செய்வார்" என்றார். அவருக்கு விஷயம் தெரியாது. நானும் சொல்லவில்லை.

மிஷின் ரூமைப் பார்க்க வேண்டும் என்றேன். லிஃப்டில் ஏறச் சொன்னார். கதவு திறந்தது, என்னால் கால் எடுத்து வைக்க முடியவில்லை. படியில் ஏறினேன். மேலே மோட்டார் பக்கத்தில் ஒரு அட்டை தொங்குகிறது. டிசம்பர் பதினொன்று என்று அவன் கையெழுத்தில் இருக்கிறது. அந்த 'ப' எழுத்தைப் பெட்டி மாதிரி போடுவானே, அதே 'ப'. அதற்குக் கீழே, "அடுத்த சர்வீஸ்: மார்ச்." அட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இது மார்ச் மாதம்தானே அம்மா.

ஆனால் அது டிசம்பரில் கம்பெனி வேனில் வந்த வேலை. ஜனவரியில் அவன் வரவே இல்லையாம். அடுத்த சர்வீஸ் என்று எழுதுவது வேலை வழக்கம், உயிரோடு இருக்க விரும்பினான் என்பதற்கு அது சாட்சி இல்லை. ஆக இதுவும் இல்லை.

பாக்கி இருப்பது மேற்குச் சாலை. அங்கே ஒரு பெரிய நீர்த்தேக்கமும் ஒரு ஊரும் இருப்பதாக வரைபடம் சொல்கிறது. அந்த ஊருக்கு எழுது.

வாலு


மார்ச் 10, செவ்வாய்

சின்னவளுக்கு,

மேற்குச் சாலைக்குப் போகாதே. நேராக வீட்டுக்கு வா.

அந்த எண் நீ நினைக்கிற எண் இல்லை. வந்தால் சொல்கிறேன். கடிதத்தில் எழுத முடியாது. மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன், மேற்பார்வையாளர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தெருமுனைவரை வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாய். ஒன்பது மணிக்கு நான் வீட்டில்தான் இருந்தேன். அன்று மத்தியான ஷிஃப்ட்.

சட்டை மடித்து வைத்தால் மக்கிப்போகும். அதனால் துவைக்கிறேன். வேறு காரணம் இல்லை.

அம்மா


மார்ச் 12, வியாழன்

அம்மா,

"வந்தால் சொல்கிறேன்." சின்ன வயதில் ஊசி போடக் கூட்டிக்கொண்டு போகும்போதும் இதையேதான் சொல்வாய். எனக்கு வயது இருபது.

உன் கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே 193.2-ஐப் பார்த்துவிட்டேன். அது ஒரு பாலம் அம்மா. நீர்த்தேக்கத்துக்குக் குறுக்கே போகும் பாலம். மீட்டரில் எண் மாறியபோது நான் சரியாக அதன் நடுவில் இருந்தேன். ஓரம் கட்டி இறங்கிக் கீழே பார்த்தேன். தண்ணீர் ரொம்ப ஆழத்தில், கறுப்பாக இருக்கிறது. கைப்பிடி என் இடுப்புக்கு மேல் வருகிறது, அவனுக்கு இடுப்புக்குக் கீழேதான் இருந்திருக்கும்.

கடையில்லை, வீடு இல்லை, பெண் இல்லை. இங்கே வந்து ஒருவன் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? இங்கே முடியாமல் திரும்பிவந்து மறுநாள் அங்கே முடித்துக்கொண்டானா? அதனால்தான் மேற்குச் சாலைக்குப் போகாதே என்றாயா? உனக்குத் தெரிந்திருந்ததா? எனக்கு மட்டும் தெரியக்கூடாது என்று நினைத்தாயா?

அன்று சாயங்காலம் அவன் என்னைக் கூப்பிட்டது விடைபெறவா? நான் எடுத்திருந்தால் அவன் இருந்திருப்பானா?

தினமும் அந்தப் பாலத்துக்கு நடந்து போய் நிற்கிறேன். பயப்படாதே, நான் எதுவும் செய்துகொள்ள மாட்டேன். ஆனால் அங்கிருந்து கிளம்பவும் முடியவில்லை. கார் இந்த ஊரில் நான் தங்கியிருக்கும் லாட்ஜிலேயே நிற்கிறது. உன் பதில் வரும்வரை இங்கேயே இருக்கிறேன். உண்மையை எழுது. எவ்வளவு மோசமாக இருந்தாலும் எழுது.

வாலு


மார்ச் 14, சனி

என் கண்ணே,

பாலத்துக்குப் போகாதே. உன் அண்ணன் அந்தப் பாலத்தைப் பார்த்ததே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டரைத் தாண்டவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், வண்டியை ஓட்டினவள் நான்.

இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் நானே பையில் போட்டு, நானே வேனில் ஏற்றப்போகிறேன். அந்த ஊர்த் தபால் கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்குப் போன் செய்து, உன் அடையாளம் சொல்லி, பை பிரித்ததும் முதலில் இதைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். "பொண்ணு இங்க வந்தா போன்ல பேசறீங்களா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். உன்னிடம் நான் பொய் சொன்னது போனில்தான். மறுபடி பேசினால் மறுபடி ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். எழுத்தில் எனக்குப் பொய் சொல்ல வராது.

அக்டோபர் மாதம் பெரியவனிடம் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன், "இந்த வயசுல எனக்குக் கார் வருமாடா?" என்று. அவன் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறே பழைய கிடங்குக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே பட்டனை அமுக்கி ஜீரோ ஆக்கினான். "ஐநூறு ஆகிற வரைக்கும் யாரும் இதைத் தொடக்கூடாது. ஐநூறு ஆனா நீ டிரைவர்" என்றான். மைதானத்துக்குப் போக வர அவன் ஓட்டும் தூரமும் அதில் சேர்ந்தது. "அது என் கணக்கு இல்லையேடா" என்றால், "பக்கத்துல உக்காந்து பாக்கறதும் படிப்புதாம்மா" என்பான். பதினான்கு ஞாயிறு. அந்த மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததுதான் உன் 386.4. எங்கேயும் போகாத தூரம். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் அவனைக் கெஞ்சினேன். அப்பா சிரித்த சிரிப்பு எனக்கு மறக்கவில்லை. நீயும் சிரிப்பாய் என்று பயம். ஓட்டிக் காட்டிவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். அன்று மத்தியானம் நீ கூப்பிட்டபோது நான் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். நான் சொன்ன பொய்யை நம்பித்தான் நீ மூன்று சாலையும் ஓடியிருக்கிறாய்.

இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். இனிமேல்தான் நான் பயந்த இடம் வருகிறது.

அதற்கு முந்தின சனிக்கிழமை அவனுக்கு அவசர வேலை. ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுபோய், இரவு முழுக்க வேலை செய்துவிட்டு ஞாயிறு காலையில்தான் வந்தான். "ஒரு ரெண்டு மணி நேரம் படுத்துட்டு வரேம்மா" என்றான். நான் புடவை கட்டிக்கொண்டு சாவியோடு நின்றேன். "இன்னைக்கு விட்டா இன்னும் ஒரு வாரம்" என்றேன். அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டான். அன்று எனக்கு நன்றாக ஓட்ட வந்தது. விட மனசில்லை. சாயங்காலம் மைதானத்தைத் தாண்டிப் புறவழிச் சாலை வரைக்கும் போய், முதல்முறையாக நான்காவது கியர் போட்டேன். அவன் கண் செருகிச் செருகி விழித்ததைப் பார்த்தேன். பார்த்தும் "இன்னும் ஒரு சுத்து" என்றேன். அன்று ராத்திரியும் அந்த ஆஸ்பத்திரி போன் வந்து வந்து அவனை எழுப்பியது, திங்கட்கிழமை ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விட்டான்.

கம்பெனியில் விசாரித்தபோது, "முந்தின நாள் நல்லா தூங்கினாரா?" என்று என்னைக் கேட்டார்கள். "தூங்கினான்" என்று சொல்லிவிட்டேன். இல்லை என்று சொன்னால், யார் தூங்கவிடவில்லை என்று கேட்பார்களே. தூக்கக் கலக்கம் இல்லை என்றானதும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. பெரியப்பா கேட்டபோது நான் தலையைக் குனிந்தது அதனால்தான். நான் தப்பித்துக்கொள்ளச் சொன்ன பொய், என் பிள்ளை மேலேயே போய் உட்கார்ந்துவிட்டது. நீ அதை நம்பிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறாய், நான் இங்கே தபால் பிரித்துக்கொண்டிருக்கிறேன். என்னைப் போல ஒரு தாய் இருப்பாளா?

அவன் உன்னை எதற்குக் கூப்பிட்டான் என்று கேட்டாயே. புறவழிச் சாலையிலிருந்து திரும்பி வந்து நிறுத்தினதும், "வாலுகிட்ட சொல்லியே ஆகணும், அம்மா நாலாவது கியர் போட்டுட்டா" என்று போனை எடுத்தான். நான் பிடுங்கப் பார்த்தேன். நீ எடுக்கவில்லை. "தப்பிச்சேம்மா நீ" என்று சிரித்தான். அப்புறம் பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "அடுத்த ஞாயிறு ரிவர்ஸ்" என்றான். சாக நினைக்கிறவன் அம்மாவுக்கு ரிவர்ஸ் சொல்லித்தர நாள் குறிப்பானா?

அவன் தூக்கக் கலக்கத்தில் கொக்கியை மறந்தான். அதற்குக் காரணம் நான். இதையே நேற்றுக் கம்பெனிக்கும் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பெரியப்பா வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல். பாலத்துக்கு மட்டும் போகாதே.

அம்மா


மார்ச் 17, செவ்வாய்

அம்மா,

கவுண்டரில் இருந்த அந்தம்மா, "நீதானா அது?" என்று என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். தபால் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு முறை படித்தேன். நடுவில் ஒரு இடத்தில் சிரித்துவிட்டேன், அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த இடத்தில். அதற்கப்புறம் அழுகையை நிறுத்த முடியவில்லை. அவர் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போய் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இரண்டு மாதம் அவனை ஒரு கோழையாக நினைக்க வைத்துவிட்டாய். பாலத்தில் நின்று அவனைத் திட்டியிருக்கிறேன், "என்னை விட்டுட்டு எப்படிடா போனே" என்று. அதை இப்போது யாரிடம் திரும்ப எடுத்துக்கொள்வேன்? அந்தக் கோபம் கொஞ்ச நாள் இருக்கும், நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நீதான் காரணம் என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரவு முழுக்க வேலை வாங்கிய கம்பெனி திங்கட்கிழமை லீவு கொடுத்திருக்க வேண்டும். அவனும் முடியாது என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டான், அவனுக்கும் நீ நாலாவது கியர் போடுவதைப் பார்க்க ஆசை. அந்த அழைப்பை நான் எடுத்திருந்தாலும் அவன் திங்கட்கிழமை வேலைக்குத்தான் போயிருப்பான். போன் அடித்தால் எடுக்காதது குற்றம் இல்லை என்று எனக்கு எழுதினாயே, அதையே நீயும் கொஞ்சம் படித்துக்கொள்.

இன்று நான் தங்கியிருக்கும் இந்த லாட்ஜின் லிஃப்டில் ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டுதான். இரண்டாவது மாடிக்கு அப்புறம் திறந்தேன். உள்ளே சர்வீஸ் அட்டையில் யாரோ ஒருவருடைய கையெழுத்து. அவர் நேற்று நன்றாகத் தூங்கினாரா என்று கேட்க வேண்டும்போல இருந்தது.

அம்மா, உன் பதினான்கு ஞாயிற்றுக்கிழமையையும் நான் ஒரு விரலால் அழித்துவிட்டேன். அந்த அறை எனக்கு வேண்டியதுதான். ஆனால் அழித்ததைத் திரும்ப நிரப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுவிட்டேன். பாலத்தில் மீட்டர் 193.2. அதற்கப்புறம் பட்டனைத் தொடவில்லை. இந்த நீர்த்தேக்கத்தை நாலு நாள் சுற்றிச் சுற்றி ஓட்டப் போகிறேன், நீ மைதானத்தைச் சுற்றிய மாதிரி. பிறகு வீட்டுத் திசையில் கிளம்பி, வீட்டுக்கு இன்னும் 113.6 கிலோமீட்டர் இருக்கும் இடத்தில் நிற்பேன். அப்போது மீட்டரில் 386.4 இருக்கும். வரும் வழியிலேயே பார்த்திருக்கிறேன், அங்கே ஒரு பெரிய மரக்கடை. வாசலிலேயே நம் ஊர் பஸ் நிற்கும்.

வருகிற ஞாயிறு காலை வந்து இறங்கு. அங்கிருந்து நீ ஓட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். நம் வாசலுக்கு வரும்போது ஐநூறு ஆகும்.

சிரிக்க மாட்டேன். சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்கிறேன்.

சனிக்கிழமைவரை இங்கே இருப்பேன். வருவாயா என்று ஒரு வரி எழுது.

வாலு


மார்ச் 19, வியாழன்

வாலுவுக்கு,

ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறேன். பழகுநர் லைசென்ஸ் பர்ஸில் இருக்கிறது. சனிக்கிழமை வேலை இருக்கிறது, ஆனாலும் ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவேன். நீயும் நன்றாகத் தூங்கிவிட்டு வா, இல்லாவிட்டால் வண்டியைத் தொடமாட்டேன்.

முன்பக்கம் நான்கு கியரும் எனக்குத் தெரியும். ரிவர்ஸ் தெரியாது. வண்டியை வீட்டைப் பார்த்து நிறுத்தி வை.

அம்மா